ஒன்றாம் வகுப்பில் சிறு குழு வாசிப்பு: டீச்சர்களுக்கு எப்படிப்பட்ட பயிற்சி வேண்டும்?

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
போன வாரம் எங்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. ஒன்று, இரண்டாம் வகுப்பில் வாசிக்கத் திணறும் பிள்ளைகளை நாலைந்து பேராக உட்கார வைத்து, ஒலி, எழுத்து, சொல், வரி என்று தினமும் கொஞ்ச நேரம் படிப்படியாகப் பழக்க வேண்டும் என்றார்கள். முறை சரிதான். ஆனால் பயிற்சி முழுக்க ஸ்லைடு. ஒரு பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யாரும் செய்து காட்டவில்லை. உதாரணங்களும் மலையாள எழுத்தில். நாங்கள் கேரளத்தில், பாலக்காடு எல்லைப் பக்கம் இருக்கும் தமிழ் மீடியம். இப்படிப் பயிற்சி கொடுத்தால் வகுப்பில் என்ன மாறும்?

சித்தூர் மாஷ்:
இந்தச் சிறு குழு முறையே தேவையில்லை என்கிறேன் டீச்சர். மொத்த வகுப்பும் சேர்ந்து சொல்லி, சிலேட்டில் எழுதித்தான் இந்த ஊரில் தலைமுறை தலைமுறையாக வாசித்தார்கள். தொண்ணூறுகளில் டி.பி.இ.பி. என்ற மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் வந்தபோதும் புது முறை என்றுதான் ஆரம்பித்தார்கள். எழுத்தை வரிசையாகச் சொல்லித் தருவது போயிற்று. பாடப்புத்தகத்தில் அட்சரமாலையே, அதாவது எழுத்து வரிசையே, இல்லை என்று கேரளம் முழுக்கச் சண்டை நடந்து, 2022ல்தான் திரும்பச் சேர்த்தார்கள். இன்னொன்றும் இருக்கிறது. குழு பிரித்த மறுநாளே எது மக்குக் குழு என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
மாஷே, இது எழுத்தை விடுகிற முறை இல்லை, எழுத்தை விடாமல் பிடிக்கிற முறை. என் வகுப்பில் ஒரு பையன் க, கா, கி, கீ என்று கௌ வரை மூச்சு விடாமல் ஒப்பிப்பான். 'கொடி' என்று எழுதிக் காட்டினால் 'கெ... ர... டி' என்கிறான். ஒற்றைக்கொம்பைத் (ெ) தனியாகவும், துணைக்காலை (ா) 'ர' என்றும் படிக்கிறான். நாற்பது குரலுக்கு நடுவில் இது என் காதில் விழாது. நாலு பேரோடு உட்கார்ந்தால்தான் விழும்.
ர-வையும் துணைக்காலையும் அடுத்தடுத்து சொல்லித் தரக் கூடாது என்று அப்புறம்தான் தோன்றியது. இப்போது ப, ட, ம, ல, புள்ளி மட்டும் வைத்து படம், மடம், பட்டம், மடல் வாசிக்க வைக்கிறேன். பிறகு துணைக்கால்: பால், பாடம், மாடம். அது கையில் நின்ற பிறகுதான் ர. இந்த மாதிரி வரிசையைத்தான் பயிற்சியில் எதிர்பார்த்தேன்.

வேலந்தாவளம் அப்பா:
நான் ஆசிரியர் இல்லை, ஒரு பிள்ளையின் அப்பா. பொள்ளாச்சிப் பக்கம் என் அக்கா மகன் படிக்கிறான். அங்கே 2022லிருந்து தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து நடத்துகிறார்கள். பெயர் அழகாக இருக்கிறது. ஆனால் என் கேள்வி வேறு. டீச்சர் நாலு பேரோடு உட்காரும்போது மற்ற பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

மறையூர்க்காரன்:
அண்ணன் கேட்டதுதான் கேள்வி. எங்கள் பக்கம் எஸ்டேட் பள்ளிகளில் ஒரே டீச்சர் இரண்டு வகுப்பைப் பார்க்கிறார். கல்வி உரிமைச் சட்டப்படி அறுபது பிள்ளைகள் வரை இருக்கும் தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்தான். எல்லா வகுப்புக்கும் சேர்த்து இரண்டு பேர். இதில் சிறு குழு என்றால் முதலில் ஆளைக் கொடுங்கள், பயிற்சி அப்புறம்.

வாளையாறு ட்ரெயினர்:
பயிற்சி கொடுக்கிற பக்கத்திலிருந்து சொல்கிறேன். மாஷ் சொல்வதில் பாதி உண்மை. அமெரிக்காவில் 2000ல் வந்த தேசிய வாசிப்புக் குழு அறிக்கை, எழுத்தையும் ஒலியையும் முறைப்படி சேர்த்துச் சொல்லித் தந்தால் முழு வகுப்பிலும் பலன் உண்டு என்றுதான் சொன்னது. சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைக் காதால் பிரித்தறியும் பயிற்சியில்தான் சிறு குழு முந்தியது. அது ஆங்கிலத்துக்கு. நம் எழுத்துகளின் சிக்கல் வேறு. கன்னடத்தில் சோனாலி நாக் 2007ல் வெளியிட்ட ஆய்வு, பிள்ளைகள் எழுத்துகளை முழுதாகப் பிடிக்கவே பல வருஷம் ஆவதைக் காட்டியது. தமிழில் உயிர்மெய் மட்டும் 216. ஆகவே புதுப்பாடத்தை எல்லோருக்கும் சேர்த்து நடத்துங்கள், தடுக்கி விழும் இடத்துக்கு மட்டும் குழு போடுங்கள். அந்த நேரத்தில் மற்றவர்கள் ஏற்கெனவே வாசித்த பக்கத்தையே ஜோடியாக வாசிக்கட்டும். புது வேலை கொடுத்தால் ஐந்து நிமிஷத்தில் எல்லோரும் உங்கள் மேஜைக்கு வந்துவிடுவார்கள்.
பயிற்சி பற்றி டீச்சர் சொன்னது முழு உண்மை. ஹாலில் கேட்டது வகுப்புக்குப் போய்ச் சேருவதில்லை. பயிற்சி கொடுத்தவரே அந்த வகுப்புக்கு வந்து, ஒரு குழுவை நடத்திக் காட்டி, அடுத்த தடவை டீச்சர் நடத்துவதைப் பார்த்து, கூட உட்கார்ந்து பேச வேண்டும். எல்லைப் பள்ளிகளில் இன்னொன்றும் செய்யலாம். மலையாளத்திலும் இந்தக் கொம்பு எழுத்துக்கு முன்னால்தான் நிற்கிறது. தமிழ் டீச்சரும் மலையாள டீச்சரும் பேசிவைத்து அதை ஒரே சமயத்தில் எடுத்தால் பிள்ளைக்குப் பாதி பாரம் குறையும். இதுவரை ஒரு பயிற்சியிலும் இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைத்து நான் பார்த்ததில்லை.

சித்தூர் மாஷ்:
அந்தக் 'கெ-ர-டி' பையனை நானும் நிறைய வகுப்பில் பார்த்திருக்கிறேன். அவனைத் தனியாகக் கவனிக்க வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். என் எதிர்ப்பு நிரந்தரக் குழுவுக்கு. கொம்பில் தடுக்கினால் கொம்புக்கு ஒரு குழு, தேறியதும் அவன் வெளியே. ஜூனில் போட்ட பட்டியல் மார்ச் வரை அப்படியே தொங்கினால், எந்தப் பயிற்சி வந்தாலும் நான் எதிர்த்துத்தான் பேசுவேன் டீச்சர்.