வெள்ளவத்தைக் கால்வாய்க்குச் சேற்றுருண்டை: மருந்தா, மேலதிகச் சேறா?

கால்வாய்க்கரை வாசி
எங்கள் ஒழுங்கை இளைஞர் குழு ஒன்று அடுத்த மாதம் கால்வாயில் 5,000 சேற்றுருண்டைகளை எறியப் போகிறது. களிமண், தவிடு, சீனி ஆலைக் கழிவுப்பாகு, அதோடு "பயன்தரு நுண்ணங்கி" என்று போத்தலில் விற்கும் திரவம். எல்லாவற்றையும் பிசைந்து ரென்னிஸ் பந்தளவில் உருட்டி நிழலில் வைத்தால் மேலே வெள்ளைப் பூஞ்சணம் படியும். அதை நீரில் போட்டால் நாற்றம் போகும், அடிச்சேறு கரையும், நுளம்பு குறையும், டெங்கும் குறையும் என்கிறார்கள். வீட்டுக்கு 1,000 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? போன கிழமை வீசிய வாடையில் என் மாமியார் ஜன்னலைத் திறக்கவே விடவில்லை.

ஓய்வுபெற்ற வாத்தியார்
தயங்காமல் கொடுங்கள் தம்பி. இது ஏதோ தெருவோர வித்தை அல்ல. ஒகினாவாவில் ரியூக்கியூ பல்கலைக்கழகப் பேராசிரியர் தெருவோ ஹிகா 1980களில் பரப்பிய கலவை. இலாக்டிக் அமிலப் பற்றீரியா, மதுவம், ஒளியை உணவாக்கும் பற்றீரியா மூன்றும் அதில் உண்டு. பினாங்கில் 2009இல் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட உருண்டைகளை மக்களே கூடி நீரில் எறிந்தார்கள். நமக்கும் இது புதிதா? தோசை மாவைப் பொங்க வைப்பதும் பாலைத் தயிராக்குவதும் இதே குலம்தானே. கிருமி என்றாலே கொல்ல வேண்டும் என்று பினைல் ஊற்றி வளர்ந்த தலைமுறை நாம். இனியாவது நல்ல கிருமியைக் கொண்டு கெட்ட கிருமியை விரட்டுவோம்.

ஆய்வுகூடத்தான்
ஐயா, தயிர் உதாரணத்தையே எடுத்துக்கொள்கிறேன். பாலைக் காய்ச்சுகிறோம், ஆற்றுகிறோம், பிறகுதான் உறை விடுகிறோம், மூடியும் வைக்கிறோம். ஏன்? போட்டிக்கு வேறு ஆள் இருக்கக் கூடாது. கால்வாய் காய்ச்சிய பால் அல்லவே. அங்கே ஒரு தேக்கரண்டிச் சேற்றில் நூறு கோடிக்கும் மேல் பற்றீரியா குடியிருக்கிறது. அந்த இடத்துக்கே பழகிப்போன கூட்டம். அதன் நடுவே உங்கள் உருண்டையைப் போடுவது புறக்கோட்டைச் சந்தை நெரிசலில் நின்று கொண்டு பாலுக்கு உறை விடுவது போல.

நல்லது, கெட்டது என்று பிறந்த நுண்ணங்கி குறைவு. ஒட்சிசன் இருந்தால் ஒரு கூட்டம் ஆளும், இல்லாவிட்டால் இன்னொரு கூட்டம். வீட்டுக் கழிவுநீர் ஒரு லீற்றரைச் சிதைத்து முடிக்கப் பற்றீரியாக்களுக்குச் சாதாரணமாக 200 மில்லிகிராம் ஒட்சிசனாவது வேண்டும். நம் ஊர் வெப்பத்தில், 30 பாகையில், சுத்தமான நீர்கூட லீற்றருக்கு ஏழரை மில்லிகிராமுக்கு மேல் ஒட்சிசனைப் பிடித்து வைக்காது. கணக்குப் போடுங்கள்: ஒரு லீற்றர் அழுக்கு இருபத்தைந்து லீற்றருக்கு மேற்பட்ட நல்ல நீரின் மூச்சைக் குடித்துவிடும். மூச்சு தீர்ந்ததும் சல்பேற்றை மூச்சாக எடுக்கும் பற்றீரியா எழும்பும். கால்வாய் வாயில் கடல் நீர் ஏறுகிறது. கடல் நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேற்று இருக்கிறது, அவற்றுக்குப் பெருவிருந்து. அவை வெளிவிடும் ஐதரசன் சல்பைட்டுத்தான் உங்கள் மாமியாருக்கு மணத்த கூழ்முட்டை வாடை. அது இரும்போடு சேர்ந்ததுதான் சேற்றின் கறுப்பு.

உருண்டையில் உள்ள தவிடும் பாகும் என்ன? இன்னும் கொஞ்சம் சாப்பாடு. ஒன்று கால் கிலோ என்றால் மொத்தம் 1,250 கிலோ. மேலதிகச் சேறு.

ஓய்வுபெற்ற வாத்தியார்
உலகம் முழுதும் கழிவுநீரைச் சுத்தம் செய்வது பற்றீரியாதானே? அதற்கு என்ன சொல்கிறீர்? என் வீட்டுக் குப்பை வாளியில் அதே திரவத்தைத் தெளிக்கிறேன், ஒரு நாற்றமும் இல்லை.

ஆய்வுகூடத்தான்
மூடிய வாளியில் வேலை செய்யும், மறுக்கவில்லை. அங்கே நீங்கள்தான் இராசா, புளிப்பு ஏறியதும் மற்றவை அடங்கிவிடும். சுத்திகரிப்பு நிலையமும் பற்றீரியாவின் உழைப்புத்தான். 1914இல் மன்செஸ்ரரில் ஆர்டேர்ன், லொக்கெற் என்ற இருவர் கழிவுநீருக்குள் காற்றை ஊதினார்கள். அடியில் படிந்த சேற்றை வீசாமல் வைத்து, அடுத்த கழிவுநீரையும் அதன் மேலேயே ஊற்றினார்கள். தானாக வளர்ந்த கூட்டம் மணிக்கணக்கில் வேலையை முடித்தது. போத்தலில் எதையும் வாங்கவில்லை, காற்றுக்குத்தான் செலவழித்தார்கள். இங்கே கொழும்பில் என்ன செய்கிறோம்? குழாயில் சேரும் கழிவை வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் கடலுக்குள் ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் கொண்டுபோய் விடுகிறோம். குழாயில் சேராதது கால்வாய்க்கு.

மூன்றாம் மாடி அக்கா
இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். நான் ஆசுபத்திரி வார்டில் வேலை செய்பவள், எனக்கு இரண்டு விடயம்தான்.

ஒன்று, அந்த டெங்குக் கதை. டெங்கு நுளம்பு இந்தக் கால்வாயைத் திரும்பியும் பார்க்காது. அதற்கு நம் தொடர்மாடிப் பூச்சாடித் தட்டும், குளிரூட்டிக்குக் கீழ் சொட்டும் வாளியும் போதும். சாக்கடையில் பெருகுவது குலெக்சு, யானைக்கால் நோயைக் காவும் இனம். அந்த நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இலங்கை மீண்டுவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் உறுதி செய்தது. அதற்காக நுளம்பு போய்விடவில்லை. டெங்கை உருண்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள், சனம் பூச்சாடியை மறந்துவிடும்.

இரண்டு, எலிக்காய்ச்சல். அதன் கிருமி எலியின் சிறுநீரோடு நீருக்கு வருகிறது, காலில் உள்ள சிறு வெட்டுக்காயம் வழியாக உள்ளே போகிறது. காய்ச்சல், கெண்டைக்கால் நோவு, பிறகு சிறுநீரகம். வயற்காரருக்கு முற்காப்பாக டொக்சிசைக்கிளின் கொடுப்பது இதற்காகத்தான். பிள்ளைகளைச் செருப்புக் காலோடு கரையில் இறக்கினால் முதலில் சண்டைக்கு வருவது நான்.

உருண்டைக் குழுவில் ஒருவன்
அக்கா, சப்பாத்து இல்லாமல் யாரும் இறங்க மாட்டோம். டெங்கு வரியைத் துண்டுப்பிரசுரத்திலிருந்து எடுத்துவிடுகிறேன், அது பிழைதான்.

ஆனால் ஆய்வுகூட அண்ணாவுக்கு ஒரு கேள்வி. கால்வாய்க்குள் கழிவு விடும் குழாயை அடைக்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியாதா? மழைநீர்க் கானுக்குள் மலக்குழிக் குழாயை விட்ட கட்டடங்கள் எவை என்று படத்தோடு எழுதிக் கொடுத்தோம். ஓர் அலுவலகத்தில் கடிதம் மூன்று மேசை மாறியது, நான்காவது மேசையில் காணாமல் போனது. "குழாய் எண்ண வாருங்கள்" என்று கூப்பிட்டபோது வந்தவர்கள் நான்கு பேர். "உருண்டை எறிய வாருங்கள்" என்றதும் இருநூறு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். கையில் பிடித்து எறிய ஏதாவது இருந்தால்தான் சனம் வருகிறது. இதற்கு உங்கள் சல்பேற்றுக் கணக்கில் விடை உண்டா?

ஆய்வுகூடத்தான்
இல்லை, தம்பி. இதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இருநூறு பேரும் எறிந்துவிட்டுக் கால்வாய்க்கு மருந்து போட்டாயிற்று என்ற நிம்மதியோடு வீட்டுக்குப் போவார்கள். பெரிய மனிதர் ஒருவரும் வந்து ஓர் உருண்டை எறிவார், படம் பிடிப்பார்கள். குழாய் அப்படியே இருக்கும்.

வாத்தியார் ஐயா சம்மதித்தால் ஒரு சோதனை. கால்வாய் நீர் மூன்று வாளி. ஒன்று சும்மா, ஒன்றில் உருண்டை, ஒன்றில் பேரனின் மீன் தொட்டிக் காற்றுப் பம்பி. கையுறை போட்டு அள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார் (பன்னிரண்டு நாள் கழித்து)
பல்கனியில் வைத்தேன். வீட்டில் நடந்த பேச்சுவார்த்தையை இங்கே எழுதப் போவதில்லை.

மூன்றாம் நாள் உருண்டை வாளியில் சாக்கடை வாடை குறைந்து ஊறுகாய் மணம் வந்தது. வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். ஆறாம் நாள் அந்த மணம் போய்விட்டது. ஒன்பதாம் நாள் சும்மா விட்ட வாளியும் உருண்டை வாளியும் ஒரே கறுப்பு, ஒரே நாற்றம். கண்ணைக் கட்டிவிட்டு மோந்து பார்க்கச் சொன்னால் எனக்கே பிரித்தறிய முடியாது. பம்பி வாளியில் நான்காம் நாளே வாடை இல்லை. நீர் தெளிந்து அடியில் மண்ணிறத் துகள் படிந்தது.

ஆனால் ஆய்வுகூடத்தாரே, கொஞ்சம் பொறும். இன்று காலை பார்த்தால் உம்முடைய பம்பி வாளி இளம் பச்சையாக நிற்கிறது. இதற்கு என்ன பதில்?

ஆய்வுகூடத்தான்
நேர்மையான கேள்வி. காற்று ஊதினால் கரிமக் கழிவு காபனீரொட்சைட்டாகிப் பறந்துவிடும். நைதரசனைக்கூட வாயுவாக்கி அனுப்பும் பற்றீரியா உண்டு. பொசுபரசுக்கு அப்படிப் பறக்க வழி இல்லை, வாளியிலேயே கிடக்கும். அதன் மேல் வெயில் பட்டால் அல்கா, அதாவது பச்சைப் பாசி. கொழும்பு நடுவே பேரை வாவி பச்சையாக நிற்பதும் இதனால்தான். அங்கே வளரும் நீலப்பச்சை இனங்களில் மைக்குரோசிஸ்டிசு ஈரலைக் கெடுக்கும் நஞ்சு சுரக்கக்கூடியது. பிரேசிலின் கருவாரு நகரில் 1996இல் அந்த நஞ்சு கலந்த நீரால் இரத்தச் சுத்திகரிப்புச் செய்யப்பட்டவர்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆகவே என் பம்பியும் பாதி மருந்துதான். உள்ளே வருவதை நிறுத்தாமல் எதை ஊதினாலும் எதை எறிந்தாலும் இதே கதை.

உருண்டைக் குழுவில் ஒருவன்
குழுவில் பேசினோம். வாத்தியார் ஐயா மூன்று வாளியையும் பாலத்தடிக்குக் கொண்டுவரச் சம்மதித்தால், உருண்டை எறிய வரும் இருநூறு பேரையும் முதலில் மோந்து பார்க்க வைக்கிறோம். பிறகு பத்துப் பத்துப் பேராகப் பிரிந்து, கரையில் இறங்காமல் மேலே நின்றே குழாய்களை எண்ணிப் படம் எடுப்போம். ஏற்கெனவே உருட்டிய உருண்டைகள் 600 வரை இருக்கின்றன, விரும்பியவர்கள் வீட்டுக் குப்பை வாளிக்குக் கொண்டுபோகட்டும். 1,000 ரூபாய் கொடுத்தவர்களுக்குத் திருப்பிக் கொடுப்போம்.

கால்வாய்க்கரை வாசி
நான் இன்னும் கொடுக்கவே இல்லை. குழாய் எண்ண வருகிறேன். மாமியாரும் வருகிறாராம்.

ஓய்வுபெற்ற வாத்தியார்
வாளிகள் வரும். ஒன்று மட்டும் சொல்லுங்கள்: அன்றைக்குப் பிறகு இந்தப் பச்சைத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாமா?

மூன்றாம் மாடி அக்கா
செவ்வரத்தைக்கு ஊற்றுங்கள் ஐயா. வல்லாரைக்கு வேண்டாம்.