அச்சில் நின்ற பிழை, திரையில் மறைந்த பிழை

மயூர் விகாரிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். அச்சில் எழுதிப் பழகியவர்களும் இணையத்திலேயே எழுதத் தொடங்கியவர்களும் தில்லியில் இருக்கும் நம் குழுவில் கலந்திருப்பதால், இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அவரவர் அனுபவத்தின் வழியாகப் பகிர்ந்துகொள்ளலாம் என்று தோன்றியது. காகிதத்தின் மணத்தைப் பற்றியும் திரையின் வசதியைப் பற்றியும் நிறையப் பேசியாகிவிட்டது. எனக்குச் சொல்ல இருப்பது பிழையைப் பற்றி. எழுதியவன் செய்த பிழை அச்சில் என்ன ஆகிறது, இணையத்தில் என்ன ஆகிறது என்று பார்த்தால், மற்ற வேறுபாடுகளில் பெரும்பாலானவை அதற்குள்ளேயே அடங்கிவிடுகின்றன என்பது என் எண்ணம்.

மத்திய அரசுப் பணியில் சேர்ந்து 1981-ல் தில்லிக்கு வந்தேன். ‘கணையாழி’ 1965-ல் இந்த நகரத்தில் தொடங்கப்பட்ட இதழ் என்பதும், இங்கே அலுவலகத்துக்குப் போய்க்கொண்டே நல்ல கதைகளை எழுதியவர்கள் இருந்தார்கள் என்பதும், சரோஜினி நகரில் ஓர் ஒண்டுக்குடித்தன அறையில் இருந்த எனக்கு எழுதும் துணிவைத் தந்தன. தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதி, தபால்தலை ஒட்டிய சுயவிலாச உறையையும் உள்ளே வைத்துச் சென்னை இதழ்களுக்கு அனுப்புவேன். அந்த உறை என் கையெழுத்தோடு என் வீட்டு வாசலுக்கே திரும்பி வந்தால், பிரிக்காமலேயே செய்தி தெரிந்துவிடும்.

1984-ல் ஒரு மாத இதழின் ஆசிரியர் உறைக்குப் பதிலாக இரண்டு பக்கக் கடிதம் அனுப்பினார். கதையின் நடுவில் வரும் தாத்தா எதற்காக வருகிறார் என்று கேட்டிருந்தார். நானும் யோசித்துப் பார்த்தேன். அவர் எதற்காகவும் வரவில்லை, என் தாத்தாவின் நினைவாக வந்திருந்தார், அவ்வளவுதான். அவரை எடுத்துவிட்டு முழுக் கதையையும் திருப்பி எழுத ஐந்து வாரமாயிற்று. அது வெளிவர மேலும் ஏழு மாதம். இவ்வளவு பேர் பார்த்து, இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டு வெளியான கதையில், ஐப்பசி மழைக்குப் பின் வாசலெங்கும் வேப்பம்பூ உதிர்ந்து கிடந்தது என்று ஒரு வரி. தஞ்சை மாவட்டத்து வாசகர் ஒருவரின் அஞ்சலட்டை ஆசிரியர் வழியாகச் சுற்றி என்னிடம் வந்து சேர்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. “வேம்பு பூப்பது பங்குனி, சித்திரையில். மற்றபடி கதை நன்று” என்று இரண்டே வரிகள் எழுதியிருந்தார். புத்தாண்டுப் பச்சடிக்கு வேப்பம்பூ பொறுக்கி வளர்ந்தவன் நான், எனக்கே தோன்றவில்லை. ஆசிரியரும் மெய்ப்புப் பார்த்தவரும்கூடக் கோட்டை விட்டிருந்தார்கள்.

சில ஆண்டுகள் கழித்து, நான் உறுப்பினராக இருந்த தமிழ் நூலகம் ஒன்றில் அதே இதழைப் புரட்டினேன். யாரோ ஒருவர் ‘ஐப்பசி’யின் அடியில் பென்சிலால் கோடிட்டு, பக்க ஓரத்தில் ‘பங்குனி’ என்று எழுதி வைத்திருந்தார். வெட்கமாக இருந்தது. முகம் தெரியாத ஒருவர் என் வரியருகே அவ்வளவு நேரம் நின்றிருக்கிறார் என்பதில் ஒரு நிறைவும் இருந்தது.

2017-ல் ஓய்வு பெற்ற பிறகு இணையத்தில் எழுத வந்தேன். முதலில் கிடைத்த மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை: எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, தாத்தாவை எடுக்கச் சொல்ல ஆளில்லை, இரவு பத்து மணிக்கு எழுதி முடித்தது பத்தரைக்குள் சிங்கப்பூரிலும் சேலத்திலும் வாசிக்கப்படுகிறது. 2003-ல் நடப்பதாக எழுதிய கதையொன்றில், கல்யாணப் புடவை எடுக்க அம்மாவும் மகளும் மெட்ரோவில் கரோல்பாக் போகிறார்கள். வெளியிட்ட பதினோராவது நிமிடத்தில் ஒரு வாசகர் எழுதினார்: தில்லியில் மெட்ரோ 2002 டிசம்பரில் ஓடத் தொடங்கியது ஷாதராவுக்கும் தீஸ் ஹசாரிக்கும் இடையில் மட்டும்தான், துவாரகாவிலிருந்து கரோல்பாக் வழியாகப் பாரக்கம்பா சாலை வரை செல்லும் தடம் திறக்கப்பட்டது 2005 டிசம்பர் 31-ல், எனவே 2003-ல் அவர்கள் பேருந்திலோ ஆட்டோவிலோதான் போயிருக்க முடியும். முழுக்கச் சரி. நான் உடனே ‘மெட்ரோ’வை ‘ஆட்டோ’வாக்கினேன், ‘படிக்கட்டில் இறங்கி’ என்பதை அடித்தேன், மனநிறைவோடு படுக்கப் போனேன். அவருக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

காலையில் பார்த்தபோது அவரை மூன்று பேர் சாடியிருந்தார்கள். “கதையில் மெட்ரோவே இல்லையே, படிக்காமலேயே குறை சொல்ல வந்துவிட்டீர்களா?” என்று ஒருவர். அவர் சுட்டிய பிழை மறைந்துவிட்டது. சுட்டிய விரல் மட்டும் நீட்டியபடி நின்றது. அவர் பதில் ஏதும் எழுதவில்லை. நான் பதறிப்போய்க் கதையின் அடியில் நடந்ததைத் தேதியோடு எழுதி, அவரிடம் மன்னிப்பும் கேட்டேன். அதற்குப் பிறகு அவர் என் கதைகளின் பக்கம் வந்ததாகத் தெரியவில்லை.

அச்சில் என் பிழையை நான் சுமந்தேன். இணையத்தில் என் பிழையை அதைக் கண்டுபிடித்தவர் தலையில் ஏற்றிவிட்டேன். உங்களுக்கு இதுபோல நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

துவாரகாவிலிருந்து

ஐயா, உங்கள் தாத்தாவைப் படித்ததும் என் ‘இரண்டாவது அண்ணன்’ நினைவுக்கு வந்தான்.

நான் அச்சிலிருந்து இணையத்துக்கு வந்தவள் அல்ல. எனக்கு வழி நேர் எதிர்த்திசையில் அமைந்தது. பெங்களூரில் 2014-ல் தொடங்கப்பட்ட பிரதிலிபியைப் போல, எழுதுகிறவர்கள் தாங்களே தொடர்களை வெளியிடக்கூடிய தளங்கள் வந்த பிறகு எழுதத் துணிந்த இல்லத்தரசிகளில் நானும் ஒருத்தி. குழந்தைகள் பள்ளிக்குப் போனபின் கைபேசியில்தான் எழுதுவேன். வாரம் இரண்டு பாகம் என்று ஒரு தொடரை 58 பாகங்கள் எழுதினேன். நாயகியின் அண்ணன் பெயர் முதலில் கணேசன். 23-ம் பாகத்தில், வீட்டில் மாமியாருக்கு உடல்நலமில்லாத ஒரு நாளில், அவசரத்தில் ‘சுரேஷ்’ என்று எழுதிவிட்டேன். அடுத்த நாள் பார்த்தால் வாசகிகளிடையே பெரிய விவாதமே நடந்திருந்தது. இவளுக்கு இன்னோர் அண்ணன் இருக்கிறான், குடும்பம் அவனை ஏன் மறைக்கிறது, அப்பாவின் முதல் தாரத்துப் பிள்ளையோ என்றெல்லாம் அவர்களே கதை கட்டியிருந்தார்கள். என் பிழையைவிட அவர்களுடைய ஊகம் அழகாக இருந்தது. நான் திருத்தவில்லை. சுரேஷை உண்மையாகவே கொண்டுவந்தேன். 31-ம் பாகத்தில் அவன் ஊருக்குத் திரும்பியபோது, அதுவரை வராத அளவுக்கு வாசகர் கடிதங்கள் வந்தன.

பிறகு ஒரு பதிப்பகம் அதை நூலாக்க முன்வந்தது. பதிப்பாசிரியர் முழுப் பிரதியையும் ஒரே வாரத்தில் படித்துவிட்டு அழைத்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, “அம்மா, இந்தச் சுரேஷ் எதற்கு?” மூன்று நாளுக்கு ஒருமுறை ஏழெட்டு நிமிடம் படித்தவர்களுக்குச் சுரேஷ் திருப்புமுனை, தொடர்ந்து படித்தவருக்கு அவன் கதையை நடுவில் இரண்டாகப் பிளந்தவன். இரண்டு வாசிப்புமே நேர்மையானவை. அன்றுதான் எனக்கு ஒன்று விளங்கியது: இணையத்தில் நான் எழுதியது ஒரே நாவலை 58 துண்டுகளாக அல்ல, 58 சந்திப்புகளை. ஒவ்வொரு பாகத்தின் தொடக்கத்திலும் முன்கதையை நினைவூட்ட ஐந்தாறு வரிகள், ஒவ்வொன்றின் முடிவிலும் கதவு தட்டப்படும் ஓசை அல்லது தொலைபேசி மணி. தாளில் எடுத்து அடுக்கியபோது ஒரே வீட்டின் கதவை நாற்பது முறை தட்டியிருந்தேன். அவற்றையெல்லாம் நீக்கவே இரண்டு மாதம் ஆயிற்று. நீக்கிய இடங்களில் காட்சியிலிருந்து காட்சிக்குப் போகும் வழி இல்லாததால், புதிதாக எழுத வேண்டியதும் ஏராளம். சுரேஷை நான் எடுக்கவில்லை. அவன் முதல் அத்தியாயத்திலேயே ஒரு பழைய புகைப்படத்தில் நிற்கும்படி செய்துவிட்டேன்.

கடைசியில் இன்னொரு வேலை வந்தது. பக்கம் அமைத்தபின் 291 பக்கம் இருந்தது. பதினாறு பக்கம் ஒரு ஃபாரம் என்பதால், 18 ஃபாரத்துக்குள், அதாவது 288 பக்கத்துக்குள் முடித்தால் விலை ஏறாது என்றார்கள். மூன்று பக்கத்தை எங்கே குறைப்பது என்று இரவெல்லாம் தேடினேன். இணையத்தில் மூவாயிரம் சொல் கூடினாலும் கேட்பாரில்லை. அந்த மூன்று பக்கத்தைக் குறைத்ததில் கதை மெலிந்து நன்றாகவே ஆயிற்று என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

முனிர்க்காவிலிருந்து

நான் எழுத்தாளன் அல்ல, எழுத்துக் கோத்தவன். சென்னையில் ஓர் அச்சகத்தில் பதினேழு வயதில் சேர்ந்து, பிறகு தில்லிக்கு வந்து டிடிபி வேலை செய்து, இப்போது பையனுடைய கடையில் உட்கார்ந்திருக்கிறேன். பிழையைப் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதத் தோன்றியது.

அச்சுக்கோப்பில் பிழை எங்கிருந்து வரும் என்றால், பெரும்பாலும் முந்தைய வேலையிலிருந்து வரும். அச்சான பக்கத்தைப் பிரித்து ஈய எழுத்துகளை அறைகளில் திருப்பிப் போடும்போது ‘ன’ அறையில் ஒரு ‘ண’ விழுந்துவிட்டால், அது பத்து நாள் கழித்து வேறொருவருடைய புத்தகத்தில் போய் உட்காரும். கை பழக்கத்தில் எடுக்குமே தவிரக் கண் ஒவ்வொன்றையும் பார்க்காது. அதனால்தான் மெய்ப்பு மூன்று முறை. ஒருவர் மூலப்படியை உரக்கப் படிப்பார்; கமா, முற்றுப்புள்ளி, மேற்கோள் குறி எல்லாவற்றையும் வாயால் சொல்லிக்கொண்டே போவார்; எதிரே இருப்பவர் மெய்ப்பில் பென்சிலை நகர்த்துவார். காதல் கதையைக்கூட அப்படித்தான் படிப்பார்கள். “நீ இல்லாமல் கமா நான் எப்படி கேள்விக்குறி” என்று அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. இன்று தட்டச்சில் வரும் பிழையின் பிறப்பு வேறு. ரோமன் எழுத்தில் தட்டித் தமிழாக்குகிறவர் ஷிப்ட் விசையை அழுத்தத் தவறினால் ‘ள’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ல’ வந்துவிடுகிறது. அதைப் பார்க்க எதிரே ஆள் இல்லை.

ஒருமுறை 1,200 படிகள் அச்சடித்து, கட்டும் போட்டபிறகு, நூலைக் காணிக்கையாக்கிய பக்கத்தில் ஆசிரியருடைய தந்தையின் தலைப்பெழுத்து தவறாக இருந்தது தெரிந்தது. நான் கோத்த பக்கம். முதலாளி என்னைத் திட்டவில்லை. சிறு சீட்டுகள் அடித்து, மைதாப் பசை காய்ச்சி, நான்கு பேர் விடிய விடிய 1,200 படிகளிலும் ஒட்டினோம். இப்போதும் பழைய புத்தகக் கடையில் அந்த நூலைக் கண்டால், சீட்டு நேராக ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன்.

மறைவது பிழை மட்டுமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1990-களின் கடைசியில் நண்பர்கள் சிலர் இணையத்தில் தமிழில் எழுதியபோது ஒவ்வொருவரும் ஒவ்வோர் எழுத்துருவும் குறியீட்டு முறையும் வைத்திருந்தார்கள். எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடில் 1991-லிருந்தே தமிழுக்கு இடம் உண்டு; ஆனால் விண்டோஸ் 2000-க்குப் பிறகுதான் சாதாரணக் கணினிகளில் அது படிக்கும்படி வந்தது. அதற்கு முன் தட்டிய கோப்புகளை இன்று திறந்தால் பொருளற்ற குறிகள்தான். இலவசமாக இணையப் பக்கம் வைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸில் பக்கம் வைத்திருந்த ஒரு நண்பருடைய கவிதைகள், 2009-ல் அந்தச் சேவை மூடப்பட்டதோடு போயின. அவரிடம் படி இல்லை. அச்சிட்ட நூலுக்கு 1954-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாராவுக்கும் மும்பை, தில்லி நூலகங்களுக்கும் பதிப்பாளர் படி அனுப்ப வேண்டும். என் கையால் பொட்டலம் கட்டி அனுப்பியிருக்கிறேன்.

ராமகிருஷ்ணபுரத்திலிருந்து

ஆசிரியராக எனக்கு நேர்ந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி இணையக் கட்டுரையொன்றிலிருந்து மேற்கோள் காட்டியிருந்தாள். நான் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தபோது அப்படி ஒரு வரியே இல்லை. நீயாக எழுதிக்கொண்டாய் என்று வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். அவள் அழவில்லை, வாதாடவும் இல்லை. மறுநாள் இணைய ஆவணகம் சேமித்து வைத்திருந்த பழைய வடிவத்தை அச்செடுத்துக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். வரி அங்கே இருந்தது. எழுதியவர் பின்னாளில் மாற்றியிருக்கிறார், சொல்லாமல். அதே வகுப்பில், அதே பிள்ளைகள் முன்னிலையில் நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்று முதல் மேற்கோளோடு பார்த்த தேதியையும் எழுதச் சொல்கிறேன்.

மயூர் விகாரிலிருந்து, மறுபடியும்

மூவருக்கும் நன்றி. முனிர்க்கா நண்பரே, எதிரே ஒருவர் உட்கார்ந்து மெய்ப்புப் பார்த்ததை நீங்கள் எழுதியதைப் படித்த அன்றே என் மனைவியிடம் கேட்டேன். இப்போது நான் எழுதியதை வெளியிடுவதற்கு முன் அவள் உரக்கப் படிக்க, நான் கேட்கிறேன். நேற்று ஒரே கதையில் மூன்று இடத்தில் நிறுத்தி, “இது யார் சொல்வது?” என்றாள். மூன்றும் நான் தெளிவாக எழுதிவிட்டதாக நம்பிய இடங்கள். திருத்தினால் தேதியோடு அடியில் எழுதுவது, சொன்னவரைக் குறிப்பிட்டு நன்றி சொல்வது என்பதையும் வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறேன்.

துவாரகா அம்மா எழுதியதைப் படித்தபின் என் பழைய கதையையே மறுபடி பார்க்க ஆசை வந்து, சென்ற சனிக்கிழமை அந்த நூலகத்துக்குப் போனேன். இதழ்களை ஆண்டுவாரியாகச் சேர்த்துத் தடித்த அட்டையோடு பைண்டு செய்திருக்கிறார்கள். கதை இருந்தது. ஐப்பசியும் வேப்பம்பூவும் இருந்தன, அடியில் பென்சில் கோடும் மங்கலாக இருந்தது. பைண்டு செய்தபோது ஓரத்தை வெட்டியிருக்கிறார்கள். அந்த வாசகர் எழுதிய சொல்லில் கடைசி எழுத்து போய், ‘பங்கு’ என்பது மட்டும் எஞ்சியிருந்தது.