கவ்பாய் கிறிஸ்துமஸ் கச்சேரிக்கு பேமிலியோட போனவங்க யாராச்சும் இருக்கீங்களா? அனுபவத்த சொல்லுங்க

நாஷ்வில்வாசி:
நானே ஆரம்பிக்கிறேன். டிசம்பர் வந்தா இந்த ஊர்ல ஷோவுக்கு பஞ்சமே இல்ல, ஆனா எங்க மாமனார்ல இருந்து ரெண்டாங்கிளாஸ் படிக்கிற பையன் வரைக்கும் ஒரே நேரத்துல சிரிச்சதுன்னா அது ரைடர்ஸ் இன் த ஸ்கை குரூப்போட ஹாலிடே ஷோதான், பாத்து சில வருஷம் ஆச்சு. 1977ல இங்க நாஷ்வில்ல ஆரம்பிச்ச குரூப், 1982லயே இந்த ஊரோட பேர்போன கண்ட்ரி மியூசிக் மேடை ஷோவான கிராண்ட் ஓல் ஆப்ரில மெம்பர் ஆயிட்டாங்க. பையன் வரமாட்டேன்னு ஒரே அழிச்சாட்டியம், டாய் ஸ்டோரி ரெண்டாவது படத்துல உட்டிங்கற கவ்பாய் பொம்மையோட பழைய டிவி ஷோ வருமே அந்த டைட்டில் பாட்டு பாடினதே இவங்கதான்டான்னு சொன்னதும் ஷூவ மாட்டிட்டு வாசல்ல நிக்குறான்.

மேடையில பெருசா ஒண்ணும் இல்ல, ஒரு கள்ளிச்செடி பொம்மை, நாலு பேரு, எம்பிராய்டரி போட்ட சட்டை, தொப்பி, அவ்ளோதான். கிதார், பிடில், ஆளுயர பேஸ், அக்கார்டியன். மூணு குரல் ஒண்ணா சேரும்போது எந்தக் குரல் யாரோடதுன்னு பிரிக்கவே முடியல. கிதார் வாசிக்கிற ரேஞ்சர் டக் யோடலிங் ஆரம்பிச்சாரு பாருங்க, நெஞ்சுல இருந்து வர்ற குரல் டக்குனு கள்ளத்தொண்டைக்கு தாவி திரும்பவும் கீழ இறங்குது, அந்த உடையுற இடத்த நம்ம ஊர் பாட்டு வாத்தியார் கேட்டா கையில தட்டுவாரு, இங்க அதுக்குத்தான் கைதட்டலே. மாமனார் என் காதுகிட்ட வந்து "நம்ம சந்திரபாபு பண்ணுவாரே மாப்ள, அதே ஐட்டம்"ங்கறாரு. கரெக்டுதானே!

பேஸ் வாசிக்கிற டூ ஸ்லிம் வாயத் திறந்து வச்சுக்கிட்டு ரெண்டு கையாலயும் கன்னத்துல படபடன்னு அறைஞ்சே ஒரு முழு டியூன் வாசிச்சாரு, பையன் ஒரு வாரம் அதே வேலையா இருந்தான். இந்த மனுஷன்தான் காலேஜ் படிக்கிறப்ப 1969ல மிச்சிகன் யுனிவர்சிட்டி பேப்பர்ல பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னி செத்துட்டாருன்னு தானா க்ளூ எல்லாம் ஜோடிச்சு எழுதி ஊரையே கிளப்பிவிட்டவரு. பிடில் வாசிக்கிற உட்டி பால் எம்ஐடில டாக்டரேட் வாங்கினவரு. இதைக் கேட்டதுல இருந்து மாமனாருக்கு மனசே ஆறல, இண்டர்வல் முழுக்க "அவ்ளோ படிச்சுட்டு பிடிலா"ன்னு புலம்பல்.

பழையபாட்டுபைத்தியம்:
அண்ணா அருமை. கவ்பாய்க்கும் கிறிஸ்துமஸுக்கும் என்ன சம்பந்தம்னு நிறைய பேரு கேக்குறாங்க, மால்ல டிசம்பர் முழுக்க ஓடுற பாட்டுல பாதிய ஹிட்டாக்குனதே ஜீன் ஆட்ரிங்கற கவ்பாய் நடிகர்தான் (சரி பாதின்னு சொல்றது கொஞ்சம் ஓவர்தான், விடுங்க). 1946ல ஹாலிவுட்ல நடந்த சாண்டா ஊர்வலத்துல அவரு குதிரையில போறாரு, ஓரமா நிக்குற பசங்க இவர கண்டுக்காம பின்னாடி வர்ற சாண்டாவ பாத்து சாண்டா வர்றாரு சாண்டா வர்றாருன்னு கத்துதுங்க, அதையே பாட்டாக்கி அடுத்த வருஷம் ரெக்கார்ட் போட்டுட்டாரு. 1949ல சிவப்பு மூக்கு கலைமான் ருடால்ஃப் பாட்டு வந்தப்போ அவருக்கு அது புடிக்கவே இல்ல, வீட்டம்மா ஐனாதான் பாடியே ஆகணும்னு நின்னாங்க, கடைசில அவரோட பெரிய ஹிட்டே அதுதான். வீட்டம்மா சொன்னா கேக்கணும் 😄

நான் போனது எங்க ஊர் ஸ்கூல் ஆடிட்டோரியத்துல லோக்கல் குரூப் ஒண்ணு போட்ட ஷோ. மைக் சுமார்தான். ஆனா அந்த கலைமான் பாட்டு எடுத்ததும் நடுவுல நடுவுல சேத்து கத்துற வரிய எல்லாம் குழந்தைங்க அவங்களே கத்த ஆரம்பிச்சிட்டாங்க, பாட்டுக்காரர் கிதார மட்டும் வாசிச்சிட்டு சும்மா நின்னாரு.

டெக்சாஸ்தம்பி:
எல்லாம் சரி, எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. பளபள சட்டை போட்டுட்டு குதிரை மேல கிதார் வாசிக்கிற கவ்பாய் எல்லாம் 1930கள்ல சினிமாக்காரங்க உண்டாக்குனது. நிஜமா மாடு ஓட்டினவன் ராத்திரி காவல் சுத்தும்போது மந்தை மிரளாம இருக்க மெதுவா எதையாச்சும் பாடிட்டு இருந்திருக்கான், அவ்ளோதான். அதுல கறுப்பினத்தவங்களும் மெக்சிகோக்காரங்களும் ஏகப்பட்ட பேரு, மாடு மேய்க்கிற தொழில அமெரிக்க கவ்பாய்ங்க கத்துக்கிட்டதே மெக்சிகோ பக்கத்து ஆளுங்ககிட்டதான். நான் போன கிறிஸ்துமஸ் ஷோல நடுவுல பழைய பட போஸ்டரா திரையில ஓட்டினாங்க, ஒண்ணுல கூட ஒரு கறுப்பு முகம் இல்ல. 1937லயே ஹெர்ப் ஜெஃப்ரிஸ்னு ஒருத்தர் கறுப்பின ரசிகர்களுக்குன்னே எடுத்த கவ்பாய் படத்துல ஹீரோவா பாடி நடிச்சிருக்காரே, ஒரு போஸ்டர் போட்டா என்ன குறைஞ்சிடும்? பாட்டு நல்லாதான் இருந்துச்சு, அத மறுக்கல.

நாஷ்வில்வாசி:
தம்பி சொல்றது நியாயம். ஆனா நாங்க பாத்த குரூப் இது நிஜ கவ்பாய் வாழ்க்கைன்னு எங்கயும் ஏமாத்தல, அந்த சினிமாவ கிண்டல் பண்றதே அவங்க பொழப்பு. ரேஞ்சர் டக் பாடுற கவ்பாய்களோட வரலாற ஒரு புக்காவே எழுதியிருக்காரு, அவருக்கு எது சினிமா எது நிஜம்னு தெரியாமலா இருக்கும். 1930கள் தொடக்கத்துல ராய் ராஜர்ஸ், பாப் நோலன், டிம் ஸ்பென்சர் மூணு பேரும் சேந்து சன்ஸ் ஆஃப் த பயனியர்ஸ் ஆரம்பிச்சாங்களே, அந்த மூணு குரல் ஸ்டைல்தான் இன்னிக்கும் எல்லாரும் பாடுறது. காமெடிக்கு நடுவுல அந்த ஸ்டைல் பாட்டு வந்துச்சுன்னா மட்டும் ஒரு ஜோக் கிடையாது, நாலு பேரும் அப்படியே சீரியஸ் ஆயிடுறாங்க. எனக்குப் புடிச்சதே அதுதான். போஸ்டர் விஷயத்துல நான் உங்க கட்சி.

கொலராடோக்காரி:
நாங்க போனது கிறிஸ்துமஸ் ஷோ இல்ல, கோடையில கொலராடோ ஸ்பிரிங்ஸ்ல ஃபிளையிங் டபிள்யூ ராஞ்ச், அதாவது சாப்பாடும் கவ்பாய் பாட்டும் சேத்து போடுற பண்ணை. வரிசையா நின்னு தட்டுல சாப்பாடு வாங்கிட்டு நீள பெஞ்சுல பக்கத்து குடும்பத்தோட ஒட்டி உக்காந்து சாப்பிடணும், சாப்பிட்டு முடிச்சதும் பாட்டு. 2012 காட்டுத்தீயில மொத்த இடமும் எரிஞ்சு போயி 2020ல திரும்ப திறந்தாங்க, அதனாலயே லோக்கல் ஆளுங்களுக்கு அது மேல ஒரு தனி பாசம். சைவம் சாப்பிடுறவங்க இந்த மாதிரி எந்த ராஞ்ச்சுக்குப் போனாலும் முன்னாடியே போன் பண்ணிடுங்க, பீன்ஸுதானேன்னு வாங்கினா உள்ள மாட்டுக்கறி கிடக்கலாம். எங்க அத்தை கையோட தயிர்சாதம் கொண்டு வந்திருந்தாங்க, வெளிச் சாப்பாடு விடுவாங்களோ மாட்டாங்களோன்னு எனக்குத்தான் திக்குதிக்குனு இருந்துச்சு, யாரும் கண்டுக்கல.

புதுசா வந்தவன்:
அண்ணா கைக்குழந்தைய கூட்டிட்டு போலாமா? சத்தம் ரொம்ப இருக்குமா?

நாஷ்வில்வாசி:
தாராளமா போங்க. டிரம்ஸே கிடையாது, தாளம் பூரா பேஸும் கிதாரும்தான், எங்களுக்கு முன்வரிசையில ஒரு பாப்பா பாதி ஷோ தூங்குச்சு. யோடலிங் வரும்போது மட்டும் திடுக்குனு முழிக்கும், ஓரத்து சீட்டா பாத்து எடுத்துக்கோங்க. அப்புறம் குட்டி கவ்பாய் தொப்பிய வெளியிலயே வாங்கி மாட்டி கூட்டிட்டு போயிடுங்க, லாபில விக்குற விலைய பாத்தா நம்ம தலை சுத்தும்.