6205 பேரிங்: என்வலப்பில் 132 ஹெர்ட்ஸ், உள்வளையமா?

கேள்வி: மோட்டார் 1480 ஆர்பிஎம். அதிர்வை அளந்தேன்; சாதாரண எஃப்எஃப்டியில் (அதிர்வை அதிர்வெண் வாரியாகப் பிரித்த படம்) ஒன்றும் தெரியவில்லை. என்வலப்பில் (உயர் அதிர்வெண் அதிர்வின் ஏற்ற இறக்கத்தை மட்டும் பிரித்துப் பார்க்கும் முறை) 132 ஹெர்ட்ஸ் பீக். கணக்குப்படி உள்வளையத்தில் பழுதுன்னா 133.6 வரணும். அதுதானா?

பதில் 1: பெரும்பாலும் அதுதான். 5.415 (6205-க்கான உள்வளையக் கெழு) × 24.67 (விநாடிக்குச் சுற்றுகள்) = 133.6, குண்டுகள் சறுக்குவதால் 1–2% குறைவது சகஜம். இருபுறமும் 24.67 இடைவெளியில் சைட்பேண்ட் (பக்கத்துச் சிறு பீக்குகள்: 107, 157) இருக்கா பாருங்க. பழுது சுற்றுக்கு ஒருமுறை சுமைப் பகுதிக்குள் வந்து போவதால் அது வரும். வெளிவளையம்னா 88 பக்கம் இருக்கும், சைட்பேண்ட் பொதுவா வராது.

பதில் 2: சென்சாரைக் கையால் பிடிச்சு எடுத்திருந்தா நம்பாதீங்க, உயர் அதிர்வெண் காணாமப் போயிடும். பெயிண்டைச் சுரண்டிட்டு காந்தம் வைங்க. 10 விநாடி பதிவு எடுத்தா 0.1 ஹெர்ட்ஸ் துல்லியம் கிடைக்கும்.

பதில் 3: குர்டோசிஸை (அதிர்வில் திடீர் எகிறல்கள் எவ்வளவு என்று காட்டும் எண்; நல்ல பேரிங்கில் சுமார் 3) மட்டும் நம்ப வேண்டாம். பழுது பரவினா அது மறுபடி 3 பக்கம் இறங்கி, ஆரோக்கியம் மாதிரி ஏமாத்தும். இந்தப் பழுதைக் கணினியில் மாடல் போடுறவங்க, குண்டுகள் பழுதில் மோதும் இடைவெளியில் 1% தற்செயல் விலகல் சேருங்க; இல்லைன்னா ஹார்மோனிக்ஸ் (மடங்கு அதிர்வெண்கள்) செயற்கையாக் கூர்மையா வரும்.