உப்புக்காற்றில் டெலஸ்கோப் தாங்குமா?
வணக்கம். மண்டபம் பக்கம் கடலோரத்தில் வீடு. மாமா கொடுத்த 10×50 பைனாகுலரோடு ஒரு வருஷமாக மொட்டை மாடியே கதி. கை ஆடாமல் இருந்தால் வியாழனின் நிலாக்கள் புள்ளி புள்ளியாகத் தெரியும், மே மாதம் ராத்திரி ஒன்பது மணிக்குத் தெற்கே கடலுக்கு மேல் தென்சிலுவை, அதற்கு இடப்பக்கம் மேலே பஞ்சுத் துணுக்கு மாதிரி ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து. ஆனால் சனியின் வளையம் மட்டும் இதில் பிரிந்து தெரியவில்லை.

போன மாதம் '525 மடங்கு' என்று போட்ட 70 மி.மீ. டெலஸ்கோப்பை வாங்க இருந்தேன். முன் லென்ஸின் விட்டத்தில் மில்லிமீட்டருக்கு 2 மடங்குதான் உச்சம், அதாவது 140 என்று படித்ததும், நல்லவேளை, விட்டுவிட்டேன்.

இப்போது 6 அங்குல டாப்சோனியன் (லென்ஸுக்குப் பதில் குழிக் கண்ணாடி வைத்து, எளிய பெட்டித் தாங்கியில் நிற்கும் டெலஸ்கோப்) மேல் கண். பயமெல்லாம் உப்புக்காற்றுதான். இங்கே புது சைக்கிள் செயினே இரண்டு மாதத்தில் செங்கல் நிறமாகிவிடும், ஜன்னல் கம்பியைத் தொட்டால் பிசுபிசுக்கும். அலுமினியம் பூசிய கண்ணாடி திறந்த குழாய்க்குள் எத்தனை வருஷம் தாங்கும்? கடலோரத்தில் வைத்திருப்பவர்கள் எப்படிப் பாதுகாக்கிறீர்கள்? இல்லை, மூடிய குழாயுள்ள லென்ஸ் வகைதான் சரியா? கையில் 20,000 ரூபாய் இருக்கிறது, பழையது என்றாலும் பரவாயில்லை. அப்புறம், ராமநாதபுரம் பக்கம் யாராவது டாப்சோனியன் வைத்திருந்தால் ஒரு ராத்திரி வந்து பார்க்கலாமா?