சீன மொழிப் பயிற்சியை ஏஐயிடம் எழுதி வாங்கினால் போதுமா?

புறக்கோட்டை வியாபாரி:
குவாங்சோவிலிருந்து உடுப்பும் சப்பாத்தும் இறக்குகிற கடை எங்களுடையது. சப்ளையர்களோடு வீசாட் என்ற சீனச் செய்திச் செயலியில் பேரம் பேசத்தான் சீனம் படிக்கிறேன். பாடப்புத்தகத்திலோ எவனோ ஒருவன் நூலகத்துக்குப் போகிறான், நண்பனுக்குக் கேக் வாங்குகிறான். எனக்கு அதால் என்ன பிரயோசனம்? இப்போது பழைய உரையாடல்களில் பெயரையும் விலையையும் எடுத்துவிட்டு ஏஐயிடம் கொடுக்கிறேன். அந்தச் சொற்களை வைத்தே பயிற்சி எழுதித் தருகிறது. நேற்று வந்தது அளவைச் சொல், அதாவது பொருளை எண்ணும்போது எண்ணோடு சேர்த்துச் சொல்வது: காற்சட்டைக்கு 'தியாவ்', சேட்டுக்கு 'ஜியென்', சோடிச் சப்பாத்துக்கு 'ஷுவாங்'. பத்து வசனமும் என் கடைச் சரக்கு! இனி வகுப்புக்குக் காசு கட்டுவது வீண் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

வெள்ளவத்தை டீச்சர்:
மறுக்கிறேன், தம்பி. 'வயிறு நிறைந்துவிட்டது', 'முயல் ஓடிவிட்டது' என்ற இரண்டையும் சீனத்தில் சொல்லி, கேட்டதைத் தமிழ் எழுத்தில் எழுதுங்கள். இரண்டுமே 'தூட்ஸ பாவ் ல' என்றுதான் வரும். தொனிகூட, அதாவது குரலின் ஏற்ற இறக்கம்கூட, ஒன்றுதான், மூச்சில் மட்டுமே வித்தியாசம். சீன ஒலியை ஆங்கில எழுத்தில் எழுதும் பின்யினில் 'பி' (b) எழுத்துக்கு உள்ளது நம்முடைய 'பால்' என்பதன் ப. 'பீ' (p) எழுத்துக்கு அதே ப, ஆனால் காற்றை ஊதிவிட வேண்டும். வாய்க்கு முன் ஒரு கடதாசித் துண்டைப் பிடித்தால் அது ஆட வேண்டும். தமிழ்ப் பிள்ளைகள் முதலில் தடுக்குவது இங்கேதான். உங்கள் தொழிலை அறிந்து ஏஐ கேள்வி எழுதுகிறது, சரி. உங்கள் நாக்கு எங்கே பிசகுகிறது என்று அதற்கு யார் சொன்னது?

புறக்கோட்டை வியாபாரி:
நானே சொன்னேன், டீச்சர். தாய்மொழி தமிழ் என்றதும் இதே மாதிரிச் சோடிச் சொற்களைத் தந்தது. தவிர, நான் தட்டச்சுத்தான் செய்கிறேன், வாயால் கதைப்பது குறைவு. உங்கள் வகுப்புகள் எல்லாம் சனிக்கிழமை காலையில். அந்த நேரத்தில் புறக்கோட்டையில் கடையை விட்டு எவன் அசைவான்?

வெள்ளவத்தை டீச்சர்:
தட்டச்சும் பின்யினில்தானே? காதில் பிரித்துக் கேட்காதவர் 'பீ' தட்ட வேண்டிய இடத்தில் 'பி' தட்டுவார், வேறு எழுத்து வந்து நிற்கும். ஏஐயிடம் குரலில் பேசிப் பார்க்கலாம் என்பீர்கள். முன்பின் சொற்களை வைத்து அது ஊகித்துக்கொள்ளும், தொனி பிழைத்தாலும் 'நன்று' என்று போய்விடும். நான் விடமாட்டேன்.

கொட்டாஞ்சேனை மாணவி:
நான் எச்எஸ்கே என்ற சீன மொழித் தேர்வு எழுதப் படிக்கிறேன். பழைய ஆறு நிலைத் திட்டத்தில் மூன்றாம் நிலைக்கு 600 சொற்கள், நான்காம் நிலைக்கு 1200. அந்த 600க்குள் எழுது என்று பட்டியலே கொடுத்தாலும் ஏஐ ஐந்தாம் வசனத்திலேயே வேலி தாண்டிவிடுகிறது. இன்னொரு தொல்லை, ஒரே எழுத்துக்கு இரண்டு உச்சரிப்பு. வங்கி என்ற சொல்லில் 'ஹாங்' என்று வருகிற எழுத்துத்தான் 'சரி, ஆகும்' என்று சொல்லும்போது 'ஷிங்'. பின்யின் போடும்போது சில வேளை மாற்றிப் போடுகிறது. கோடிட்ட இடத்துக்கு இரண்டு சொல் பொருந்தினாலும் விடையில் ஒன்றைத்தான் காட்டுகிறது. அதனால் விடையை அகராதியோடு ஒத்துப் பார்க்காமல் கொப்பியில் ஏற்றுவதில்லை. இவ்வளவும் பார்த்த பிறகும் அதை விடமாட்டேன். இரவு பதினொரு மணிக்கு எனக்குப் புதிய வாசிப்புப் பந்தி யார் தருவார்கள்?

சுற்றுலா வழிகாட்டி:
தேசிய நூதனசாலைக்குச் சீனப் பயணிகளைக் கூட்டிப்போகிறவன் நான். அங்கே காலி மும்மொழிக் கல்வெட்டு இருக்கிறது. 1409ஆம் ஆண்டுத் திகதியோடு சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ வைத்தது, 1911இல் காலியில் கிடைத்தது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெனவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கை சொல்கிறது. இதை என் நிலைச் சீனத்தில் எழுதித் தா என்று ஏஐயைக் கேட்டேன். மொழி வழவழவென்று இருந்தது, ஆனால் மூன்றாவது மொழி அரபு என்று போட்டிருந்தது. எனக்குத் தெரிந்த விடயம் என்பதால் பிடித்தேன். இலக்கணத்தில் இதே மாதிரி ஒன்றை எழுதியிருந்தால் நான் எங்கே பிடிப்பது? தொடக்கத்தில் படிப்பவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. டீச்சர் பக்கம் என் வாக்கு.

புறக்கோட்டை வியாபாரி:
பாடப்புத்தகத்திலும் அச்சுப்பிழை வருகிறதே, அண்ணன். எப்படியோ, வியாபாரத்தில் பிழை விட்டால் சப்ளையரே உடனே திருப்பிக் கேட்பான், அதைவிட நல்ல பரீட்சை இல்லை. டீச்சரிடம் ஒன்று கேட்கிறேன்: பயிற்சி ஏஐயுடையது, திருத்துவது மட்டும் நீங்கள். குரல் பதிவு அனுப்பினால் கேட்பீர்களா? கட்டணம் தருகிறேன்.

வெள்ளவத்தை டீச்சர்:
வகுப்புக்கு அது ஈடாகாது, அதில் என் கருத்து மாறவில்லை. பதிவு அனுப்புங்கள், கேட்கிறேன். ஏஐ எழுதியதைப் பார்த்து வாசித்து மட்டும் அனுப்ப வேண்டாம். அன்றைக்குச் சப்ளையரிடம் எதைக் கேட்டீர்களோ அதைப் பார்க்காமல் சொல்லுங்கள், திக்கினாலும் பரவாயில்லை, வெட்டாமல் அனுப்புங்கள்.