பெப்ரவரி 4: கடை வாசலில் சிங்கக்கொடி கட்டலாமா?

கஸ்தூரியார்வீதிக் கடைக்காரன்:
இலங்கைச் சுதந்திர தினத்துக்கு யாழ்ப்பாணத்துக் கடைகளில் தேசியக்கொடி கட்டும்படி வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். பக்கத்துக் கடைக்காரர் அது தமிழருக்குக் கரிநாள் என்று கறுப்புக்கொடி கட்டப்போகிறார். நான் சிங்கக்கொடியே கட்டுவேன். 1951இல் அதில் தமிழருக்கென்று செம்மஞ்சள் பட்டையும் முஸ்லிம்களுக்கென்று பச்சைப் பட்டையும் சேர்த்தார்கள். எங்களுக்குரிய இடத்தை நாங்களே ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

கொக்குவிலான்:
அண்ணா, கொடியை ஒருமுறை விரித்துப் பாருங்கள். வாளேந்திய சிங்கம் மஞ்சள் கரை போட்ட தன் கட்டத்துக்குள் தனியே நிற்கிறது. நாங்கள் அந்தக் கரைக்கு வெளியே, கம்பத்து ஓரத்தில். கொடியை முடிவுசெய்த குழுவில் இருந்த செனட்டர் நடேசன் இதை ஏற்காமல் மாற்றுக் கருத்து எழுதினார். 1972இல் மூலைகளில் பௌத்தத்தின் அடையாளமான அரசமரத்து இலைகளும் வந்தன. அதே ஆண்டுதான் அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தது. இதில் எது எங்களுடைய இடம்?

கஸ்தூரியார்வீதிக் கடைக்காரன்:
தம்பி, அதே குழுவில் இருந்த தமிழ்த் தலைவர் ஜீ.ஜீ. பொன்னம்பலம் ஒப்புக்கொண்டாரே! 2015இல் கொழும்பு ஆர்ப்பாட்டமொன்றில் சிங்களத் தேசியவாதிகள் இரண்டு பட்டைகளையும் நீக்கிய கொடியைப் பிடித்தார்கள். நாங்கள் இந்தக் கொடியைக் கைவிட்டால் மகிழப்போவது அவர்கள்தான். என் வரிப்பணமும் என் கடவுச்சீட்டும் இந்த நாட்டினுடையவை. கொடியை மட்டும் அவர்களுக்கே எழுதிக்கொடுக்க என்னால் முடியாது.

நாவற்குழிப்பாலம்:
கொடிக்கு என்ன பொருள் என்று குழு அறிக்கையில் தேட வேண்டியதில்லை. 1995 ஒக்டோபர் கடைசியில் இராணுவம் யாழ்ப்பாண நகரை நெருங்க, ஊரைவிட்டு மழையில் நனைந்துகொண்டு நாவற்குழிப் பாலம் கடந்தோம். அம்மாவின் தையல் இயந்திரத்தைச் சைக்கிள் கரியரில் கட்டியிருந்தோம். நெரிசலில் உருட்ட முடியாமல் வழியிலேயே அவிழ்த்து வைத்துவிட்டு நடந்தோம். டிசம்பர் 5ஆம் திகதி பிரதிப் பாதுகாப்பு அமைச்சர் ரத்வத்த யாழ்ப்பாண நகரில் இந்தக் கொடியை ஏற்றினார். பிறகு நகரைப் பிடித்த செய்தியைப் பழைய மன்னர் காலத்து முறையில் சுருளில் எழுதி ஜனாதிபதியிடம் கொடுத்தார். நகரும் சுற்றுப்புறமுமான வலிகாமம் முழுவதும் வெறிச்சோடிக் கிடந்த நாளில் ஏற்றிய கொடி அது. சொந்த மக்களின் ஊரில் எந்த அரசாவது இப்படி வெற்றி கொண்டாடுமா? அந்தக் கொடியை என் வாசலில் கட்ட எனக்குக் கை வராது, அண்ணா.

கஸ்தூரியார்வீதிக் கடைக்காரன்:
தங்கச்சி, அந்த வலிக்கு என்னிடம் மறுமொழி இல்லை. ஆனால் அதே கொடியின் கீழ் 2016 சுதந்திர தினத்தில் தேசிய கீதம் தமிழில் பாடப்பட்டபோது நான் எழுந்து நின்றேன். அந்தப் பெருமையும் பொய்யில்லை.

கொக்குவிலான்:
2020இல் அதை நிறுத்திவிட்டார்களே! விரும்பினால் தருவார்கள், விரும்பாவிட்டால் எடுப்பார்கள் என்றால் அது உரிமையா? கட்டச் சொல்லி ஆள் வந்துகொண்டிருக்கும் வரை நீங்கள் கட்டுவதை யாரும் பெருமை என்று நம்பமாட்டார்கள்.

கஸ்தூரியார்வீதிக் கடைக்காரன்:
யாரும் சொல்லாமலிருந்தாலும் கட்டியிருப்பேன். பக்கத்துக் கடையின் கறுப்புக்கொடியைக் கழற்றச் சொல்லி எவராவது வந்தால் முதலில் என்னோடு பேசட்டும்.

நாவற்குழிப்பாலம்:
அன்று நீங்கள் அவர் வாசலில் நின்றால் நானும் வந்து நிற்பேன். சிங்கக்கொடிக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதீர்கள்.